சீப்புக் கீறல்

ஆனைமுடக்கு என்ற மலையூரின் பொது அடுப்பில், அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை காலை உள்ளே போன மூடப்பங்கள் நாற்பத்தொன்று, பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தவை நாற்பத்திரண்டு. இருபத்தாறு வருடமாக அந்த அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் நகோமி, உள்ளே தள்ளும்போது ஒரு முறையும் வெளியே இழுக்கும்போது ஒரு முறையும் எண்ணுகிறவள், அன்று மூன்றாவது முறையும் எண்ணிவிட்டு, நீளத் துடுப்பைச் சுவரில் சாய்த்து வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு அதிகமா இருக்கு" என்றாள். ஆலயத்தில் மணியடிக்கும் கோயில்பிள்ளை துரைராஜ் பக்கத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "அதிகமா இருந்தா நல்லதுதானக்கா, கொறஞ்சாத்தான் சண்டை" என்று சொல்லிவிட்டு அவர் அடுக்குவதைத் தொடர்ந்தார்.

மூடப்பம் என்பது அந்த ஊரில் மட்டும் புழங்கும் பெயர். வெயில் தாங்காமல் மலையேறி வந்த மிஷன் துரைசானிகளின் சமையலறைகளில் வேலை பார்த்தவர்கள், பழத்தை மாவுக்குள் வைத்து மூடிச் சுடும் பண்டத்தை அங்கே கற்றார்கள். துரைசானிகள் பை என்று சொன்னது ஊர் நாக்கில் நிற்கவில்லை, மூடிய அப்பம் மூடப்பமாகி நின்றுவிட்டது. துரைசானிகள் கப்பலேறிப் போன பிறகும், பேரிக்காய் பழுக்கும் ஆகஸ்ட் மாதத்தில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு வீட்டுக்கு ஒன்று செய்து, பொது அடுப்புக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவது சபையின் வழக்கம். நாற்பதுக்கு மேல் அப்பங்கள் ஒரே அடுப்பில் வேகும்போது யாருடையது எது என்று தெரிய வேண்டும், உள்ளே கொதிக்கும் சாற்றின் ஆவி வெளியே போகவும் வழி வேண்டும், எனவே ஒவ்வொரு வீடும் தன் அப்பத்தின் மேல்மாவில் கத்தியால் தன் அடையாளத்தைக் கீறி அனுப்பும். ஒரு வீட்டுக்கு மீன், ஒரு வீட்டுக்குச் சாவி, ஒரு வீட்டுக்கு மூன்று இலை, நகோமி வீட்டுக்குப் பிறை.

இதில் ஒரு முறை உண்டு, ஊர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் முறை. தன் வீட்டு மூடப்பத்தைத் தான் தின்னக் கூடாது. முதல் போதகர் வகுத்தது அது. பல சாதிகளிலிருந்து வந்தவர்களை ஒரே பந்தியில் உட்கார வைப்பது பெரிய காரியமில்லை, அடுத்த வீட்டு அடுப்படியில் பிசைந்ததைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்ன வைப்பதுதான் காரியம் என்று அவர் நினைத்தார். எனவே பண்டிகை ஞாயிறன்று, ஒவ்வொரு வீட்டுக் கீறலையும் வரைந்த சீட்டுகளைத் தகரப் பெட்டியில் போட்டுக் குலுக்குவார்கள். ஆளுக்கொரு வெறுந்தட்டோடு வந்து சீட்டெடுத்து, விழுந்த அப்பத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டு வாசலில் "யார் வீட்டுது?" என்று உள்ளிருந்து கேட்பார்கள், "இன்னார் வீட்டுது" என்று வந்தவர் சொல்ல வேண்டும், "அவங்க கை நல்லாருக்கட்டும்" என்று சொன்ன பிறகுதான் வாசலைத் தாண்டலாம், கத்தியை வைக்கலாம்.

அதிகமாக வந்த அப்பத்தின் தலையில் ஒரு நீளக் கோடும் அதன் கீழே ஐந்து பற்களும் கீறியிருந்தன. சீப்பு. நாற்பத்தொரு வீட்டில் எந்த வீட்டுக்கும் சீப்புக் கீறல் இல்லை. ஊரில் எல்லோருக்கும் அது யாருடையது என்று தெரியும், ஆகவே ஒருவரும் தெரியும் என்று சொல்லவில்லை. "ஏணி மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். மழை என்றார்கள், குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகுவது என்றார்கள், படுக்க வைத்த பாட்டுப்புத்தக அலமாரி என்றுகூட ஒரு பாடகர் சொன்னார். கமிட்டிக் குறிப்பேட்டில் செயலாளர் தேவவரம் தன் அழகான கையெழுத்தில் "அடையாளம் புலப்படாத கீறல்" என்று எழுதி, கீழே கோடு போட்டார்.

நகோமிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை, ஏனென்றால் அவள் கீறலை மட்டும் பார்க்கவில்லை. மேல்மாவையும் அடிமாவையும் ஒட்டுவதற்கு விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வருவார்கள்; ஊரில் அத்தனை பேரும் வலது கைக்காரர்கள், விளிம்பின் மடிப்பு ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். இந்த ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அடுப்பு வாயில் நின்று அந்தச் சாய்வை அவள் கடைசியாகப் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

சம்பூரணம் இடது கைக்காரி. ஊரின் கக்கூஸ்களைக் கழுவ மாமனார் காலத்தில் மலைக்கு அழைத்துவரப்பட்ட குடும்பம். ஓடைக்கு அந்தப் பக்கம் முனிசிபாலிட்டி கட்டிக்கொடுத்த வரிசை வீட்டில் இருந்தார்கள். அவளும் அவள் கணவன் மாசிலாமணியும் மகள் எப்சியும் ஞானஸ்நானம் வாங்கிச் சபையில் சேர வந்தபோது, கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பாட்டுப்புத்தகம் கொடுத்தார்கள், பெஞ்சில் இடம் கொடுத்தார்கள், நாற்பத்திரண்டாவது வீடு என்று எண் கொடுத்தார்கள். என்ன கீறல் வேண்டும் என்று கேட்டதற்கு அவள் சீப்பு என்றாள். எதற்குச் சீப்பு என்று நகோமி கேட்டாள். "எப்சிக்குத் தலை சீவுறப்பதான் எனக்கு வேற ஒரு வேலையும் இல்லாத மாதிரி இருக்கும்க்கா" என்றாள் சம்பூரணம்.

அந்த முதல் வருடம் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அவள் நாள்தோறும் அடுப்பங்கரைக்கு வந்து ஏதாவது ஒன்றைக் கேட்டுக்கொண்டு போனாள். மாவில் வெண்ணெயைச் சேர்க்கும்போது விரல் நுனி மட்டும்தான் படலாம், உள்ளங்கைச் சூடு பட்டால் வெண்ணெய் உருகி மேல்மாவு பொறுபொறுவென்று பிரியாமல் தோல் மாதிரி இழுக்கும் என்று தெரிந்துகொண்டாள். தண்ணீரை ஓடையில் விடியற்காலையில் எடுத்து வைத்துக்கொண்டாள். பேரிக்காயைத் தோல் சீவி, சுளையாக நறுக்கி, சர்க்கரையும் பட்டையும் ஏலக்காயும் போட்டு அரைவேக்காடாக வேகவைத்து, சாற்றை வடித்துத் தனியே சுண்டவைத்து, ஆறின பிறகுதான் மாவுக்குள் வைக்க வேண்டும், சூடாக வைத்தால் அடிமாவு ஊறிப்போகும்; அதையும் தெரிந்துகொண்டாள். மாவு தேய்க்கக் கட்டை இல்லாமல் கண்ணாடிப் பாட்டிலால் தேய்த்தாள். சனிக்கிழமை காலை அவள் கொண்டுவந்து வைத்த தட்டைப் பார்த்து, வயதான கைகளுக்கே இப்படி வராது என்று நகோமி நினைத்தாள், சொல்லவில்லை.

அப்பங்கள் அடுப்புக்குள் போய் அரை மணி நேரம் கழித்துத் தேவவரம் வந்தார். அவர் வீடு அடுப்புக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டினால் போதும். சீகை விறகுக் குவியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குளிர் இந்த வருடம் சீக்கிரம் வந்துவிட்டது என்றார்.

"நாளைக்குச் சீட்டுல அது யாருக்கு விழுமோ" என்றார் பிறகு.

"எது?"

"நகோமி, நீ வெவரம் தெரிஞ்சவ. யாராவது வாங்க மாட்டேன்னு சொல்லிட்டா, அந்தப் பிள்ளைக்குத்தான அசிங்கம்? மூணு பேரும் முன்பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கும்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்ங்கிறீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணச் சொல்லலம்மா. யோசிச்சுக்கன்னேன்."

அவள் யோசித்தாள். வெளியே இழுக்கும்போது சீப்புக் கீறல் பொன்னிறமாக, ஒரு சொட்டுச் சாறுகூட வழியாமல் வந்தது. அதைத் துடுப்பிலிருந்தே அடுப்பின் பக்கவாட்டிலிருந்த சாம்பல் குழிக்குள் சாய்த்து, மேலே சாம்பலைத் தள்ளினாள். தட்டை எடுத்துப்போக வந்த சம்பூரணத்திடம், "வெடிச்சிருச்சும்மா. சாறெல்லாம் ஓடிக் கருகிப்போச்சு. முதத் தடவ அப்படித்தான்" என்றாள். முகத்துக்கு நேரே ஒருவர் தன் அப்பத்தை வாங்காமல் வெறுந்தட்டோடு போவதைப் பார்ப்பதைவிட இது அவளுக்கு நல்லது என்று நகோமி நம்பினாள், அந்த நம்பிக்கையில் அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள். அடுத்த வருடமும் வெடித்தது. அதற்கடுத்த வருடமும் வெடித்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் மாசிலாமணி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு கீழே வத்தலக்குண்டுக்குப் போய்விட்டான், ஊர் நாற்பத்தொரு வீடானது. யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை என்பதை ஊர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது.

அந்த அப்பம்தான் இப்போது வந்திருந்தது.

அந்த ஞாயிறன்று நாற்பத்தொரு வீடும் சீட்டெடுத்துப் போன பிறகு அது மட்டும் மேசையில் மிஞ்சியது. முறை முறைதான் என்று அதற்குத் தனியாக ஒரு குலுக்கல் வைத்தார்கள். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டருக்கு விழுந்தது, அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறுபடி குலுக்கினார்கள், தையல்கடைக்காரருக்கு விழுந்தது, அவர் மனைவிக்குப் பல்வலி. மூன்றாவதாக விழுந்த வீடு அன்று மாலையே ஊருக்குப் போவதாக இருந்தது, போகவும் செய்தது. இருட்டுவதற்குள் அதை ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில், போதகரின் அங்கிகள் தொங்கும் இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

அது ஆறவில்லை. ஒரு வாரம் கழித்துத் திறந்தபோதும் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது போல ஆவி ஐந்து பற்களின் வழியாகவும் மெல்ல வந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் கழித்தும் அப்படியே. பூஞ்சை இல்லை, எறும்பு இல்லை. ஊர் அதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. மழைக்காலத்தில் துரைராஜ் நனைந்த காலுறைகளை பீரோவின் கைப்பிடியில் காயப்போட்டார். ஈரம் கோத்த பாட்டுப்புத்தகங்களை அதன் மேல் அடுக்கி உலர்த்தினார்கள். முழங்கால் வலிக்காரப் பெண்கள் ஆராதனை முடிந்ததும் வரிசையாக வந்து பீரோவில் காலைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள், தைலத்தைவிட இது கேட்கிறது என்றார்கள், நின்ற இடத்தில் யார் மருமகள் யாரை என்ன சொன்னாள் என்று பேசினார்கள். உள்ளே ஏலக்காய் மணத்தது. சூட்டை எடுத்துக்கொண்டார்கள், மணத்தை எடுத்துக்கொண்டார்கள், ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட ஒருவரும் வரவில்லை.

இரண்டாம் வருடமும் நாற்பத்தொன்று போய் நாற்பத்திரண்டு வந்தபோது ஊரில் யாரும் வேலையை நிறுத்தவில்லை. போதகர் ஜெயகரன் ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேர் தின்ற பிறகு மிஞ்சிய பன்னிரண்டு கூடையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார், கர்த்தர் தருவது மிஞ்சும் என்றார், மிஞ்சியதை யார் சாப்பிட்டார்கள் என்று வேதத்தில் இல்லை என்பதை விட்டுவிட்டார். மாவட்டப் பத்திரிகையில் மூன்றாம் பக்கத்தில் படத்தோடு ஒரு செய்தி வந்தது, படத்தில் கீறல் மை பூசினது போல மங்கியிருந்தது, ஊருக்கு அது நிம்மதியாக இருந்தது. கீழேயிருந்து வேனில் ஆட்கள் வந்து பீரோவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அதிகப்படி அப்பத்தைப் பஸ் நிறுத்தத்துப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்துவிடலாம் என்று கமிட்டி தீர்மானித்து, துரைராஜிடம் தட்டைக் கொடுத்து அனுப்பியது. அவன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றார் துரைராஜ். "நாப்பது வீட்டுக்காரங்க தொடாதத எனக்குக் கொண்டாறீங்களே, நான் என்ன அவ்ளோ எளச்சவனா?" என்று மூடியை மூடிக் கொடுத்துவிட்டான். தட்டு திரும்பி வந்து பீரோவில் இரண்டாவதாக ஏறியது.

நகோமி அந்த பீரோவுக்குப் பக்கத்தில் போவதில்லை. அவளுக்கும் முழங்கால் வலி உண்டு.

மூன்றாம் வருடம் அது வந்தபோது, துடுப்பின் நுனியில் அதைப் பிடித்தபடி அவள் வெகு நேரம் நின்றாள். மூன்று முறை சாம்பலுக்குள் தள்ளினாள், மூன்று முறை திரும்பி வந்துவிட்டது. மூன்றுக்கு மூன்று. அடுத்த வருடம் வராது. வராவிட்டால் ஊர் ஸ்தோத்திரம் சொல்லி பீரோவைக் கழுவிவிடும், அதன்பிறகு யாரும் எதையும் கேட்கப்போவதில்லை, அவளும் சொல்ல வேண்டி வராது. அப்பம் வந்ததற்குப் பயப்படாதவள் அது இனி வராது என்பதற்குப் பயந்தாள். சொல்வதானால் இப்போதே சொல்ல வேண்டும். சொன்னால் அடுப்பு அவள் கையை விட்டுப் போகும், இருபத்தாறு வருடம் இருபத்தெட்டாகியிருந்தது, அடுப்பைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

பண்டிகைக்கு மறுநாள் மாலை சபைக்கூட்டம். வரவு செலவு வாசித்து முடித்ததும் நகோமி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். சம்பூரணத்தோட அப்பம் வெடிக்கல. மூணு வருசமும் வெடிக்கல. நான்தான் சாம்பக் குழியில போட்டேன். வெடிச்சிருச்சுன்னு பொய் சொன்னேன்."

மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். திட்டுவார்கள் என்று நினைத்திருந்தாள், யாராவது அழுவார்கள் என்றுகூட நினைத்திருந்தாள்.

தையல்கடைக்காரரின் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள், அன்பாகத்தான் பேசினாள். "எல்லாருக்கும் தெரியும்க்கா. இப்ப எதுக்கு அத எடுத்துக்கிட்டு?"

"தெரியுமா?"

"மூணு வருசமும் ஒரே வீட்டுது மட்டும் வெடிக்குமா? உக்காருங்க. முழங்காலு வலிக்கும்."

"நீ ஊர் நல்லதுக்குத்தான் செஞ்ச. யாரும் உன்ன ஒண்ணும் சொல்லல" என்றார் தேவவரம், குறிப்பேட்டில் பக்கத்தைத் திருப்பினார். "அடுத்து, மேற்குப் பக்கத்துக் கூரைத் தகடு."

நகோமி நின்றுகொண்டே இருந்தாள். கூரைத் தகடு மாற்றுவதென்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. அடுப்பு அவள் கையிலேயே இருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், பீரோவிலிருந்து எடுத்த மூன்றாவது அப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் மலையிறங்கினாள். துணியைத் தாண்டிச் சூடு தொடையில் உறைத்தது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுக்கிறவர்கள்கூட அன்று மூக்கை உயர்த்தி மணத்தைப் பிடித்தார்கள், "என்னம்மா பலகாரம்?" என்று கண்டக்டர் கேட்டார், "என்னுது இல்ல" என்றாள். சம்பூரணத்தின் விலாசத்தைத் தேட அவளுக்கு அரை நாள் ஆனது. வெங்காயக் கமிஷன் மண்டியில் சொத்தை பொறுக்கும் வேலை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு. மண்டியிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த நகோமியைப் பார்த்து, பூட்டில் வைத்த சாவியைத் திருப்பாமல் நின்றாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது.

"வாங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

நகோமி துணியைப் பிரித்தாள். சம்பூரணம் கீறலைப் பார்த்தாள், பிறகு குனிந்து விளிம்பைப் பார்த்தாள், இடது கட்டைவிரலை ஒரு மடிப்பின் மேல் தொடாமல் வைத்துப் பார்த்தாள். விரல் பொருந்தியது.

"இது எங்கருந்து வந்துச்சு?"

"அடுப்புலருந்து. நீ கடேசியாக் குடுத்தது. வெடிக்கல சம்பூரணம். மூணும் வெடிக்கல. நான்தான் சாம்பல்ல தள்ளிட்டு உன்கிட்டப் பொய் சொன்னேன்."

சம்பூரணம் கோபப்படவில்லை. "ஒண்ணுகூடவா வெடிக்கல?" என்று கேட்டாள்.

"ஒண்ணுகூட."

"முதல் வருசம் தண்ணி கூடிப்போச்சுன்னு நெனச்சேன்" என்றாள் சம்பூரணம், வெங்காயச் சருகு ஒட்டிய கைகளைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டாம் வருசம் கீறல் ஆழமா விழல, ஆவி போக வழியில்லன்னு நெனச்சேன். மூணாம் வருசம் எல்லாம் சரியாத்தான் செஞ்சேன், எனக்கே தெரியும். அதுவும் வெடிச்சிருச்சுன்னு நீங்க சொன்னீங்க. சரி, கைதான் ஆகாத கைன்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் நான் மாவுல கை வைக்கல. சப்பாத்திகூட அவருதான் தேய்ச்சாரு, போயிச் சேர்ற வரைக்கும். எப்சி கல்யாணத்துக்கு அடுப்பு மூட்டையில என்னையக் கூப்பிட்டாங்க, நான் போகல. என் கை பட்டா எதாவது ஆயிரும்னு பந்தலுக்கு வெளியவே நின்னுக்கிட்டிருந்தேன். எட்டு வருசம்."

நகோமி தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கா?" சம்பூரணம் முதல் முறையாகச் சிரித்தாள், நன்றாக இல்லாத சிரிப்பு. "நல்லாருக்கே. அவங்கவங்க வீட்டுத அவங்கவங்க தின்னக் கூடாதுன்னு எனக்குச் சொன்னதே நீங்கதான? உங்க முறைய நான் மீற மாட்டேன். நீங்க தின்னுங்க."

உள்ளே போய் ஒரு கத்தியைக் கொண்டுவந்து வைத்தாள். நகோமி வெட்டினாள். மேல்மாவு பொறுபொறுவென்று நொறுங்கியது. வத்தலக்குண்டு வெயிலில், தெருவில் ஆட்டோக்கள் போய்வந்துகொண்டிருக்க, அவள் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு துண்டைத் தின்றாள், சம்பூரணம் நிலைப்படியில் சாய்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கும்மா. ரொம்ப..."

"மறுபடியும் பொய் சொல்லாதீங்க. கேக்கத்தான கேக்குறேன். யாரும் எனக்குச் சொன்னதில்ல."

நகோமி இன்னொரு துண்டு வெட்டி, இந்த முறை மெதுவாக, நாற்பது வீட்டு அப்பத்தை ருசி பார்க்கும் நாக்கோடு மென்றாள். "மேல்மாவு என்னுதவிட நல்லாருக்கு. பழம் பதம். ஏலக்காய் ஒண்ணு கூடிப்போச்சு. அடிமாவுல நடுவுல கொஞ்சம் ஈரம் இருக்கு, சாற இன்னும் ரெண்டு நிமிசம் சுண்ட விட்டிருக்கணும்."

"ரெண்டு நிமிசம்" என்றாள் சம்பூரணம். அதை மனதில் எங்கேயோ எழுதி வைத்துக்கொள்வது போலத் தலையை ஆட்டினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அது வெங்காயமாகவும் இருக்கலாம். "முழுசும் தின்னுட்டுப் போங்க. மிச்சம் வைக்கக் கூடாது."

நகோமி முழுவதையும் தின்றாள். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. எழுந்தபோது, மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கப்போனாள், சம்பூரணம் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வேணாம். ஒண்ணு மட்டும் செய்யுங்க. அடுத்த வருசம் பொட்டியில என் சீட்டு இருக்கணும். அப்பம் வருதோ வரலயோ, சீட்டு இருக்கணும்."

"அப்பம் இல்லாம சீட்டு மட்டும் எதுக்கு?"

"எனக்கு அப்பம் இருந்துச்சு, சீட்டு இல்ல. மூணு வருசம்" என்றாள் சம்பூரணம், மண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கதவைப் பூட்டினாள்.

நகோமி மலையேறி வந்தபோது வெஸ்ட்ரியில் ஒரே கூட்டம். அன்று மத்தியானத்திலிருந்து பீரோ ஜில்லிட்டுப்போயிருந்தது. உள்ளே இருந்த இரண்டு அப்பங்களும் ஒரே பகலில் பச்சைப் பூஞ்சை பிடித்துக் குழைந்திருந்தன. துரைராஜ் முறத்தில் அள்ளிக் குப்பைக் குழிக்குக் கொண்டுபோனார். முழங்கால் வலிக்காரர்கள் வருத்தப்பட்டார்கள்.

அடுத்த ஆகஸ்டில் நாற்பத்தொன்று உள்ளே போய் நாற்பத்தொன்று வெளியே வந்தது. போதகர் ஸ்தோத்திரம் சொன்னார், கமிட்டி அதைக் குறிப்பேட்டில் ஏற்றியது. நகோமி துடுப்பை அடுப்பின் கடைசிச் சுவர் வரை விட்டுத் துழாவிப் பார்த்தாள், நெருப்பின் மிச்சம் தவிர ஒன்றும் இல்லை. ஞாயிறு காலை மணியடிப்பதற்கு முன் வெஸ்ட்ரிக்குப் போய், ஒரு துண்டுக் காகிதத்தில் நீளக் கோடும் ஐந்து பல்லும் வரைந்து, நாலாக மடித்து, தகரப் பெட்டிக்குள் போட்டாள்.

வழக்கம் போலக் கமிட்டிச் செயலாளர் எல்லோரையும் விட்டுக் கடைசியில்தான் சீட்டெடுப்பார், அது மரியாதை. நாற்பது பேரும் எடுத்து முடித்த பிறகு தேவவரம் தன் எவர்சில்வர் தட்டோடு வந்து பெட்டிக்குள் கைவிட்டார். உள்ளே இரண்டு சீட்டுகள் இருந்தன, மேசையில் ஓர் அப்பம் மட்டும் இருந்தது. அதன் தலையில் நகோமியின் பிறை. அவர் எடுத்த சீட்டைப் பிரித்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இது என்ன?"

"சீட்டு" என்றாள் நகோமி.

"அப்பம் எங்க?"

"இந்த வருசம் வரல. மூணு வருசம் பீரோவுல இருந்துச்சே."

"அப்பறம் எதுக்குச் சீட்டுப் போட்ட?"

"அவங்க போடச் சொன்னாங்க."

மண்டபத்தில் எல்லோரும் தங்கள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். போதகர் மெதுவாக, மேசையில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாமே என்றார். தேவவரம் பிறைக் கீறலைப் பார்த்தார், கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். முப்பது வருடமாகச் சீட்டு முறையைப் பற்றி மேடையில் பேசியவர் அவர்தான், விழுந்ததுதான் முறை, மாற்றிக்கொள்ளக் கூடாது. அவர் வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நகோமி அடுப்பங்கரைக் கதவைப் பூட்டுவதற்காக அவருக்குப் பின்னால் சற்று தள்ளி நடந்தாள். வழியெல்லாம் அவர் தட்டை இடுப்போடு ஒட்டிப் பிடித்தார், பிறகு கவிழ்த்துப் பிடித்தார், பிறகு மேல்துண்டால் மூடிக்கொண்டார். எதிரே வந்தவர்கள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, துண்டுக்கு அடியில் என்ன என்று பார்த்தார்கள். தன் வாசலுக்கு வந்து அவர் நின்றார். நகோமி தெருவின் இந்தப் பக்கம் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

செருப்புச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவர் மனைவி புளோரா, "யார் வீட்டுது?" என்றாள்.

அவர் தட்டை மூடியிருந்த துண்டை எடுத்தார். தூறல் மழையானது. தட்டில் தண்ணீர் சேர ஆரம்பித்தது.

"என்னங்க, யார் வீட்டுதுன்னு கேட்டேன்ல? சொன்னாத்தான உள்ள வரலாம்?"

தேவவரம் ஒரு முறை திரும்பித் தெருவுக்கு அப்பால் நின்ற நகோமியைப் பார்த்தார். பிறகு தன் வீட்டு வாசலைப் பார்த்து, மேடையில் பேசும் குரலில் இல்லாமல், "சம்பூரணம் வீட்டுது" என்றார்.